ஜாப் கார்டில் எழுதப்படாத வரி

என் மோட்டார் சைக்கிளுக்கு ஒரு நாளும் ஸ்டார்ட்டிங் பிரச்சினை இருந்ததில்லை. ஈரம் கோத்த விடியற்காலையிலும், பத்து நாள் ஓடாமல் நின்ற பிறகும், பொத்தானை அழுத்திய அரை நொடியில் என்ஜின் ஓடத் தொடங்கிவிடும். ஆனாலும் சர்வீஸ் சென்டரில் வண்டியை விடும்போது குறைகளைப் பதிந்து தரும் தாள்தான் ஜாப் கார்டு; என் மேசை இழுப்பறையில் கிடக்கும் அப்படிப்பட்ட மூன்று தாள்களிலும், ‘வாடிக்கையாளர் கூறிய குறை’ என்ற கட்டத்தில் ‘ஸ்டார்ட்டிங் பிரச்சினை’ என்றே அச்சாகியிருக்கிறது. நான் அப்படிச் சொல்லவே இல்லை. திரும்பும்போது என்ஜின் அணைகிறது என்றுதான் சொன்னேன். கோளாறு சரியாகிப் பல மாதங்கள் ஆகிவிட்டன. வண்டி இப்போது நன்றாக ஓடுகிறது. அந்த இரண்டு சொற்கள் மட்டும் மனத்தில் உறுத்திக்கொண்டே இருக்கின்றன.

முதல் முறை அது நிகழ்ந்தபோது வண்டி 340 கிலோமீட்டர் ஓடியிருந்தது. சாலையின் மறுபக்கம் செல்வதற்காக வலப்பக்கம் யூ-டர்ன் எடுத்துக்கொண்டிருந்தேன். நடக்கும் வேகம்தான், முதல் கியர், கிளட்ச் பாதி அழுத்தத்தில், ஹேண்டில்பார் ஏறக்குறைய முழுவதுமாக வலப்பக்கம் திரும்பியிருந்தது. அந்த நிலையில் என்ஜின் சட்டென்று அணைந்தது. திணறவோ இருமவோ இல்லை. விளக்கை அணைத்தாற்போல் நின்றது. ஹேண்டிலை நேராக்கியதும், இன்னும் உருண்டுகொண்டிருந்த வண்டி ஒரு குலுக்கலோடு தானாகவே மீண்டும் ஓடத் தொடங்கியது. கிளட்ச்சைச் சரியாகப் பிடிக்காத என் தவறு என்றே அன்று நினைத்தேன். புதிய வண்டியில் எதுவும் தவறாக இருக்கும் என்று யாருக்குத்தான் முதலில் தோன்றும்?

இரண்டாவது முறை நிகழ்ந்தபோது கண் மீட்டர் மீது இருந்தது. என்ஜின் அணைந்த கணத்தில் மீட்டரும் இருண்டது. நேராக்கியவுடன் வெளிச்சம் வந்தது. வேகமானியின் முள் ஒருமுறை கடைசிவரை ஏறி மீண்டும் பூச்சியத்துக்கு இறங்கியது. என்ஜினுக்குப் பெட்ரோலை அனுப்பும் பம்பின் மெல்லிய ரீங்காரம் கேட்டது. சாவியைப் புதிதாகத் திருப்பும்போது வண்டி செய்யும் சடங்கு அது. நான் சாவியைத் தொடவில்லை. ஆனால் யாரோ ஒருவர் சாவியை அணைத்துவிட்டு மறுபடியும் போட்டதைப் போல வண்டி நடந்துகொண்டது. நிறுத்திவிட்டுப் பார்த்தபோது மீட்டரிலிருந்த கடிகாரம் மட்டும் சரியான நேரத்தையே காட்டிக்கொண்டிருந்தது. அதன் பொருள் அப்போது எனக்கு விளங்கவில்லை. ஆயினும் விந்தையாகத் தோன்றியதால் நினைவில் வைத்துக்கொண்டேன்.

நான்கு சக்கர வண்டி திரும்பும்போது என்ஜின் நின்றுவிட்டால் அது ஒரு தொல்லை. இரு சக்கர வண்டியில் அப்படியில்லை. மெல்லத் திரும்பும்போது வண்டியும் ஓட்டுபவரும் சற்று உட்பக்கம் சாய்ந்திருக்கிறார்கள். அந்தச் சாய்வை விழாமல் தாங்கிக்கொண்டிருப்பது வண்டியின் வேகம். உந்துவிசை திடீரென்று அற்றுப்போய், கியரில் இருக்கும் என்ஜின் பின்சக்கரத்தைப் பிடித்து இழுத்தால் வேகம் குறைகிறது. சாய்வு அப்படியே இருக்கிறது. வண்டி உட்பக்கமாகக் கவிழ்கிறது. பிறகொரு முறை எனக்கு அதுதான் நேர்ந்தது. வலது காலை ஊன்றித் தாங்கப் பார்த்தேன். ஏறக்குறைய 170 கிலோ எடையை ஒற்றைக் கணுக்கால் தாங்குமா? வண்டி படுத்தது, நானும் கூடவே விழுந்தேன். பின்னால் வந்தவர் வேகம் குறைத்து வந்ததால்தான் அது ஒரு சுளுக்கோடும், உரசிய கைப்பிடியோடும் முடிந்தது.

மூன்று வருகைகள்

சர்வீஸ் சென்டருக்கு முதன்முதலில் போனது முதல் இலவச சர்வீஸுக்காக. வேறு இரண்டு குறைகளும் இருந்தன. பிரேக் பிடிக்கும்போது ஹேண்டிலின் அடியில் ‘டொக்’ என்றொரு தட்டல். என்ஜின் தலைப்பகுதி மூடியின் ஓரத்தில் எண்ணெய்க் கசிவு. ஸ்டீயரிங் தண்டின் பேரிங்குகள் முதல் சில நூறு கிலோமீட்டர்களில் அமர்ந்து சற்றே தளர்வது வழக்கம். அதை இறுக்கினார்கள், தட்டல் போயிற்று. மூடியின் கேஸ்கெட்டை மாற்றினார்கள், கசிவும் நின்றது. இவற்றைப் பற்றி எனக்கு ஒரு மனக்குறையும் இல்லை. கண்ணால் பார்க்கக்கூடிய, கையால் தொட்டு உணரக்கூடிய பழுதை அங்கே நன்றாகவே கவனித்தார்கள் என்பதை எழுதாமல் விடுவது நியாயமாகாது.

திரும்பும்போது அணைவதைப் பற்றிச் சொன்னேன். மீட்டர் முள் ஏறி இறங்கியதையும், பம்ப் மறுபடி ஒலித்ததையும், கடிகாரம் மாறாததையும் சேர்த்தே சொன்னேன். மேசைக்கு அப்பால் இருந்த சர்வீஸ் அட்வைசர் தலையசைத்துக்கொண்டே கணினியில் ஏதோ தட்டினார். மாலையில் வண்டியைத் தரும்போது, “ஸ்பார்க் பிளக்கைச் சுத்தம் செய்திருக்கிறோம், ஐடிலிங்கை உயர்த்தியிருக்கிறோம் சார், புது வண்டி அல்லவா, ஆயிரம் கிலோமீட்டர் ஓடினால் தானாகவே சரியாகிவிடும்” என்றார். புது என்ஜின் பழக வேண்டும் என்பது உண்மைதான். பிஸ்டன் வளையங்களும் சிலிண்டர் சுவரும் ஒன்றோடொன்று பொருந்திவரக் காலம் பிடிக்கும். ஆனால் பழகாத என்ஜின் மீட்டரை இருட்டாக்காது. அதை அங்கேயே கேட்டிருக்க வேண்டும். எனக்கு அன்று அந்தத் தெளிவு இல்லை.

இரண்டாவது வருகையில் வண்டியை நான்கு நாட்கள் வைத்துக்கொண்டார்கள். கண்டறியும் கருவியை இணைத்துப் பார்த்ததாகவும், பிழைக் குறியீடு எதுவும் பதிவாகவில்லை என்றும், ஆகவே கோளாறு இல்லை என்றும் சொன்னார்கள். என்ஜினுக்குள் காற்றை விடும் த்ராட்டில் பாடியைக் கழுவியிருந்தார்கள். அவர்களுடைய ஓட்டுநர் நேரான சாலையில் பன்னிரண்டு கிலோமீட்டர் ஓட்டிப் பார்த்திருந்தார், ஒருமுறைகூட அணையவில்லையாம். அணையாதுதான். சாலையில் ஓரளவு வேகத்தில் போகும் மோட்டார் சைக்கிளின் ஹேண்டில் சில பாகைகளுக்கு மேல் திரும்புவதே இல்லை. வளைவுகளை அது சாய்ந்தே கடக்கிறது. ஹேண்டில் கடைசிவரை திரும்புவது யூ-டர்னிலும், வண்டியை நிறுத்தி எடுக்கும் இடத்திலும் மட்டும்தான். நான் சொன்னதை ஒருவர் கேட்டு எழுதியிருந்தால், அந்தப் பன்னிரண்டு கிலோமீட்டர் ஓட்டம் தேவைப்பட்டிருக்காது.

மூன்றாவது வருகை நான் விழுந்த பிறகு. கணுக்காலில் கட்டோடு போயிருந்தேன். இந்த முறை பேச்சு என்னைப் பற்றித் திரும்பியது. கிளட்ச்சைப் பாதியில் பிடித்து ஓட்டுகிறீர்களா, எங்கே பெட்ரோல் போடுகிறீர்கள், இதற்கு முன்பு என்ன வண்டி வைத்திருந்தீர்கள் என்று ஒவ்வொன்றாகக் கேட்டார்கள். கேள்விகள் மரியாதையாகத்தான் இருந்தன. ஆனால் எல்லாக் கேள்விகளும் ஒரே திசையைச் சுட்டின: வண்டியில் குறையில்லை, ஓட்டுபவரிடம்தான் குறை. இருபது ஆண்டுகளுக்கு மேலாக இரு சக்கர வண்டி ஓட்டிவரும் நான், அன்று வீட்டுக்குத் திரும்பும் வழியில், ஒருவேளை என்னிடம்தான் ஏதோ தவறு இருக்கிறதோ என்று எண்ணத் தொடங்கினேன். பணம் போனதைவிட, நேரம் போனதைவிட, என் கண்ணையே நான் சந்தேகித்த அந்த அரை மணி நேரம்தான் இந்தக் கதையில் எனக்கு ஏற்பட்ட பெரிய இழப்பு என்று இப்போது நினைக்கிறேன்.

மூன்று தாள்கள்

அன்றிரவு மூன்று ஜாப் கார்டுகளையும் மேசைமேல் அடுத்தடுத்து வைத்துப் படித்தேன். அதுவரை அவற்றை நான் படித்ததே இல்லை. வண்டியை ஒப்படைக்கும் அவசரத்தில் காட்டிய இடத்தில் கையெழுத்திட்டிருக்கிறேன், நகலை மடித்துப் பையில் வைத்திருக்கிறேன். பெரும்பாலானோர் செய்வது அதைத்தான். மூன்றிலும் ‘ஸ்டார்ட்டிங் பிரச்சினை’. திரும்பும்போது என்ற சொல் இல்லை. வலப்பக்கம் என்ற சொல் இல்லை. மீட்டர் இல்லை, முள் இல்லை, கடிகாரம் இல்லை. மூன்றாவது தாளில் நான் விழுந்ததும் இல்லை. கீழே, என் கையெழுத்துக்கு மேலே, ‘மேற்கண்ட விவரங்கள் சரியானவை’ என்றொரு வரி இருந்தது.

நான் கோபப்படவில்லை என்று சொன்னால் அது பொய்யாகும். ஆனால் கோபம் அடங்கிய பிறகு வேறொன்று தெளிவானது. நான் பேசியது அட்வைசரிடம். வண்டியைத் திறந்தவர் மெக்கானிக். அந்த இருவருக்கும் இடையே இருந்தது இந்தத் தாள் ஒன்றுதான். ஸ்டார்ட்டிங் பிரச்சினை என்று தாளில் கண்ட மெக்கானிக் பொத்தானை அழுத்திப் பார்த்திருப்பார். வண்டி உடனே ஓடியிருக்கும். பிளக்கையும் த்ராட்டில் பாடியையும் சுத்தம் செய்திருப்பார். அவருக்குக் கொடுக்கப்பட்ட கேள்விக்கு அவர் சரியாகவே விடையளித்திருக்கிறார். நான் சொன்ன கேள்வி அவரிடம் போய்ச் சேரவே இல்லை.

அந்தச் சொல் எங்கிருந்து வந்தது என்பதும் நினைவுக்கு வந்தது. அட்வைசர் தட்டும்போது திரையைப் பார்த்திருக்கிறேன்: மேலிருந்து கீழாக ஒரு பட்டியல். மைலேஜ் குறைவு, பிரேக் சத்தம், ஸ்டார்ட்டிங் பிரச்சினை, பிக்கப் குறைவு என்று வரிசையாக இருக்கும். அதிலிருந்து ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். ‘வலப்பக்கம் முழுதாகத் திருப்பும்போது மின்சாரம் ஒரு கணம் அறுகிறது’ என்பது அந்தப் பட்டியலில் இருக்க முடியாது. ஆகவே அருகிலிருந்த சொல்லுக்குள் என் குறை திணிக்கப்பட்டது. அட்வைசர் சோம்பேறி என்றோ தீயவர் என்றோ நான் நினைக்கவில்லை. காலை ஒன்பது மணிக்கு வரிசையில் முப்பது பேர் நிற்கும் இடத்தில் ஒவ்வொருவருக்கும் சில நிமிடங்களே அவருக்குக் கிடைக்கின்றன.

வாரண்டி வேலைக்குப் பின்னாலுள்ள கணக்கையும் இங்கே சொல்ல வேண்டும். வாரண்டியில் செய்யும் வேலைக்கு டீலருக்குப் பணம் தருவது வண்டியைத் தயாரித்த நிறுவனம். பொதுவாக ஒவ்வொரு வேலைக்கும் இத்தனை நிமிடம் என்று ஓர் அட்டவணை இருக்கும், அதன்படிதான் கூலி. கேஸ்கெட் மாற்றுவதற்கு அட்டவணையில் ஓர் இடம் உண்டு. விட்டுவிட்டு வரும் மின்கோளாறு ஒன்றைத் தேடி ஒரு மெக்கானிக் அரை நாள் செலவிட்டால், அந்த அரை நாளின் பெரும்பகுதி டீலரின் தலையில்தான் விழும். கழற்றிய பாகத்தையும் நிறுவனத்தின் ஆய்வுக்காக எடுத்துவைக்க வேண்டும். பாகம் பழுதில்லை என்று அவர்கள் முடிவு செய்தால் கோரிக்கை தள்ளுபடியாகும். இத்தனையும் சேர்ந்து, கருவி ‘குறியீடு இல்லை’ என்று சொன்ன இடத்தில் நின்றுவிடும்படி ஒரு மெக்கானிக்கை மெல்லத் தள்ளுகின்றன. இதை அறிந்த பிறகு எனக்கு அவர்கள்மேல் வருத்தம் குறையவில்லை. ஆனால் யாரிடம் வருத்தப்பட வேண்டும் என்பது மாறியது.

கையால் எழுதிய ஒரு பக்கம்

மறுநாள் உட்கார்ந்து ஒரு பக்கம் எழுதினேன். குற்றச்சாட்டு எதையும் எழுதவில்லை. நுகர்வோர் உரிமை, வழக்கு என்ற சொற்களையும் தவிர்த்தேன். நடந்ததை மட்டும் எழுதினேன். ஏழு முறை அணைந்திருந்தது. ஏழு முறைக்கும் தேதி, ஓடிய தூரம், எந்தப் பக்கம் திரும்பினேன், ஹேண்டில் எவ்வளவு திரும்பியிருந்தது, மீட்டர் இருண்டதா, கடிகாரம் மாறியதா என்று வரிசையாகக் குறித்தேன். எழுதி முடித்துப் படித்தபோது எனக்கே ஆச்சரியமாக இருந்தது. ஏழும் வலப்பக்கம். இடப்பக்கம் திரும்பும்போது ஒருமுறைகூட அணைந்ததில்லை. இத்தனை நாள் நானும் ‘திரும்பும்போது’ என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தேனே தவிர, ‘வலப்பக்கம் திரும்பும்போது மட்டும்’ என்று ஒருமுறைகூடச் சொன்னதில்லை. எழுதியபோதுதான் அது என் கண்ணில் பட்டது.

நான்காவது முறை போனபோது, இந்தத் தாளை ஜாப் கார்டோடு இணைக்க வேண்டும், இணைத்த பிறகே கையெழுத்திடுவேன் என்று சொன்னேன். சிஸ்டத்தில் அதற்கு இடமில்லை என்றார் அட்வைசர். ‘குறிப்பு’ என்றொரு கட்டம் காலியாக இருப்பதைக் காட்டினேன். அதில் ‘தாள் இணைக்கப்பட்டுள்ளது’ என்று தட்டி, என் பக்கத்தை ஸ்டேப்ளரால் சேர்த்தார். குரலை உயர்த்தாமல் இருப்பதற்கு அன்று நான் பட்டபாடு எனக்குத்தான் தெரியும்.

ஒரு மணி நேரம் கழித்து இளவயது மெக்கானிக் ஒருவர், அந்தத் தாளைக் கையில் பிடித்தபடி காத்திருப்போர் பகுதிக்கு வந்தார். “சார், கடிகாரம் மாறவே இல்லையா? உறுதியாகச் சொல்ல முடியுமா?” என்று கேட்டார். மூன்று மாதங்களில் அங்கே என்னிடம் வண்டியைப் பற்றிக் கேட்கப்பட்ட முதல் கேள்வி அது. உறுதியாகச் சொல்ல முடியும் என்றேன். அவர் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. என்னையும் உள்ளே வரச் சொன்னார்.

அவர் விளக்கியது இது. மீட்டரிலிருக்கும் கடிகாரத்துக்குப் பேட்டரியிலிருந்து நேரடியாக மின்சாரம் போகிறது. சாவியை எடுத்த பிறகும் அது ஓட வேண்டுமல்லவா? மீட்டரின் மற்றப் பகுதிக்கும், என்ஜினைக் கட்டுப்படுத்தும் இசியுவுக்கும், பெட்ரோல் பம்புக்கும் மின்சாரம் வருவது சாவி சுவிட்ச் வழியாக. கடிகாரம் மாறாமல் மற்ற எல்லாம் ஒரே கணத்தில் அணைகின்றன என்றால், பேட்டரியும் அதன் முனைகளும் பிரதான ஃபியூஸும் நன்றாக இருக்கின்றன. அறுவது சாவி சுவிட்சிலோ, அதற்குப் போய்வரும் ஒயரிலோதான். கருவியில் ஏன் குறியீடு பதியவில்லை என்பதற்கும் விடை அதிலேயே இருந்தது. சென்சாரிலிருந்து வரும் அளவு தவறாக இருந்தால் இசியு அதைக் குறித்துவைக்கும். இங்கே இசியுவுக்கே மின்சாரம் போய்விடுகிறது. அதைப் பொறுத்தவரை, ஓட்டுபவர் சாவியை அணைத்தார், பிறகு போட்டார், அவ்வளவுதான்.

வண்டியைச் சென்டர் ஸ்டாண்டில் நிறுத்தி, என்ஜினை ஓடவிட்டு, ஹேண்டிலை மெதுவாக வலப்பக்கம் திருப்பினார். கடைசி ஒரு விரற்கடை தூரத்தில் என்ஜின் அணைந்தது. சிறிது நேராக்கிவிட்டுச் சாவியைத் தொடாமல் காத்திருந்தார்; முள் ஏறி இறங்கியது, பம்ப் ஒலித்தது. மறுபடியும் ஓடவிட்டுத் திருப்பினார். மறுபடியும் அணைந்தது. மூன்று மாதம், மூன்று ஜாப் கார்டு, ஒரு கணுக்கால். கண்டுபிடிக்க எடுத்த நேரம் இரண்டு நிமிடம். எனக்குத் தொண்டை அடைத்தது. நான் சொன்னது மெய் என்று வண்டியே சாட்சி சொன்னதைப் போல இருந்தது.

பிறகு மல்டிமீட்டரை எடுத்தார். பேட்டரியில் 12.6 வோல்ட். சுவிட்சைத் தாண்டி வரும் ஒயரில், ஹேண்டில் நேராக இருக்கும்போது அதைவிடச் சற்றே குறைவு. திருப்பத் திருப்ப 11, 9, பிறகு ஒன்றுமில்லை. முன்விளக்கின் உறையைக் கழற்றி, ஸ்டீயரிங் தண்டின் அருகே வளைந்து செல்லும் ஒயர்க்கட்டை விரல்களால் நீவிக்கொண்டே போனார், ஓரிடத்தில் நின்றார். வெளிப்பூச்சில் ஒரு கீறலும் இல்லை. ஆனால் அந்த இடத்தில் மட்டும் ஒயர் நூலைப் போலத் துவண்டது. உள்ளே இருக்கும் மெல்லிய செம்புக் கம்பிகள் ஒவ்வொன்றாக அறுந்து, இரண்டோ மூன்றோ மட்டும் மிஞ்சியிருந்தன. ஹேண்டில் நேராக இருக்கும்போது அறுந்த முனைகள் ஒன்றையொன்று தொட்டுக்கொள்ளும், இழுபடும்போது விலகும். காரணமும் அருகிலேயே இருந்தது. ஒயர்க்கட்டைச் சட்டத்தோடு சேர்த்துக் கட்டிய பிளாஸ்டிக் டை, வளைவுக்கு மிக அருகே இறுக்கப்பட்டிருந்தது. ஷோரூமில் நின்ற அதே வகைப் புது வண்டியருகே என்னை அழைத்துச் சென்று காட்டினார். அதில் டை இரண்டு விரல் தள்ளிக் கட்டப்பட்டு, ஒயர் தளர்ந்து வளைய இடம் விட்டிருந்தது. என் வண்டியின் குறை முழுவதும் அந்த இரண்டு விரல் இடைவெளிதான்.

இதற்குப் பிறகும் ஒரு சிறு போராட்டம் மிச்சமிருந்தது. அறுந்த இடத்தில் ஈயத்தால் பற்றவைத்து, டேப் சுற்றித் தந்துவிடலாம், இன்றே வண்டியை எடுத்துக்கொண்டு போகலாம் என்றார் மேலாளர். அந்த மெக்கானிக் பேசாமல் என்னைப் பார்த்தார். வேண்டாம் என்பது கண்ணிலேயே தெரிந்தது. அசையாத இடத்தில் பற்றவைப்பதில் தவறில்லை. ஒவ்வொரு திருப்பத்திலும் வளையும் இடத்தில் பற்றவைத்தால், உருகிய ஈயம் கம்பிகளுக்குள் ஊறிச்சென்று அந்த இடத்தை விறைப்பாக்கிவிடும். விறைப்பு முடிந்து நெகிழ்வு தொடங்கும் ஓரத்தில் கம்பி மீண்டும் அறும். ஒயர்க்கட்டு முழுவதையும் வாரண்டியில் மாற்ற வேண்டும் என்று எழுத்தில் கேட்டேன். புதிய ஒயர்க்கட்டு வர 19 நாட்கள் ஆயின. வந்தது, மாற்றினார்கள், டையைச் சரியான இடத்தில் கட்டினார்கள். அன்றிலிருந்து என்ஜின் ஒருமுறைகூட அணையவில்லை.

போய்ச் சேராத செய்தி

புது வண்டியில் குறை இருப்பதை நான் மன்னிக்க மாட்டாதவன் அல்ல. பொறியாளர்கள் ஒரு பொருளின் பழுதுகளைக் காலத்தோடு சேர்த்து வரையும் கோட்டுக்குக் குளியல் தொட்டி வளைவு என்று பெயர். தொடக்கத்தில் பழுது அதிகம். பிறகு நீண்ட காலம் தட்டையாகக் குறைந்திருக்கும். தேய்மானம் தொடங்கும்போது மீண்டும் ஏறும். தொடக்கத்தில் இருக்கும் அந்த மேடு, தவறாகக் கட்டிய டை, சரியாக இறுக்காத போல்ட், மோசமான வார்ப்பு ஆகியவற்றால் ஆனது. ஆயிரக்கணக்கான பாகங்களைப் பலர் கைகளால் பூட்டும் இடத்தில் அந்த மேட்டை முழுவதும் அழிக்க முடியாது. வாரண்டி என்ற ஒன்று இருப்பதே அதற்காகத்தான். புதிது என்பதால் குறை இருக்காது என்று நாம் நினைப்பது தவறு. புதிது என்பதால்தான் சில குறைகள் இருக்கும்.

எனக்கு ஆறாதது வேறு. ஒயர்க்கட்டை வடிவமைத்தவரும், அதைப் பூட்டும் வரிசையை மேற்பார்வையிடுபவரும் என் வண்டியை ஒருபோதும் பார்க்கப் போவதில்லை. எத்தனை வண்டிகளில் எந்தக் குறை வருகிறது என்பதை அவர்கள் பெரும்பாலும் அறிவது டீலர்கள் அனுப்பும் வாரண்டிக் கோரிக்கைகள் வழியாகத்தான். ஒரே குறை பல இடங்களிலிருந்து வரும்போதுதான் எங்கோ ஒருவர் அதைக் கவனிக்கிறார். பூட்டும் முறையைத் திருத்துகிறார். ஆபத்து பெரிதென்றால் விற்ற வண்டிகளைத் திரும்ப அழைக்கிறார்கள். என்னைப் போல இன்னும் பத்துப் பேர் வலப்பக்கம் திரும்பி விழுந்திருந்தால், அந்தப் பத்துப் பேரும் பத்து ஊர்களில் ‘ஸ்டார்ட்டிங் பிரச்சினை’, ‘பிக்கப் குறைவு’, ‘பொதுப் பரிசோதனை’ என்று வெவ்வேறு சொற்களில் பதிவாகியிருந்தால், அவை பத்தும் ஒரே குறை என்று யாருக்குத் தெரியும்? முதல் மூன்று வருகைகளிலும் இந்தக் குறை வாரண்டிக் கோரிக்கையாகவே பதிவாகவில்லை. நிறுவனத்தின் பார்வையில் என் வண்டி அந்த மூன்று மாதமும் நலமாக இருந்தது. அந்த மூன்று மாதத்தில்தான் நான் தரையில் கிடந்தேன்.

சத்தம் போட்டால்தான் டீலரிடம் வேலை நடக்கும் என்று நண்பர்கள் பலரும் சொல்கிறார்கள். மேலாளரை மிரட்டு, நிறுவனத்தின் தலைமை அலுவலகத்துக்குப் புகார் அனுப்பு என்கிறார்கள். சில வேளைகளில் அதுவும் தேவைப்படலாம். ஒயர்க்கட்டு வரத் தாமதமானபோது நானும் நிறுவனத்துக்கு எழுதினேன். ஆனால் முதல் மூன்று வருகைகளில் நான் எவ்வளவு கத்தியிருந்தாலும், மெக்கானிக்கின் கையில் இருந்த தாளில் ஸ்டார்ட்டிங் பிரச்சினை என்றுதான் இருந்திருக்கும். பயந்துபோன ஒருவர் பிளக்கை இன்னொரு முறை சுத்தம் செய்திருப்பார். அந்த இளைஞருக்கு உதவியது என் கோபம் அல்ல. கடிகாரம் மாறவில்லை என்ற ஒரு வரி.

வண்டியை எடுத்துவரப் போன நாளில் இறுதி ஜாப் கார்டை நீட்டினார்கள். இந்த முறை படித்தேன். செய்த வேலை: ஒயர்க்கட்டு மாற்றம், வாரண்டி. வாடிக்கையாளர் கூறிய குறை: ஸ்டார்ட்டிங் பிரச்சினை. முதல் வருகையில் தேர்ந்தெடுத்ததைக் கணினி அப்படியே எடுத்துக்கொண்டதாம். எல்லாம் சரியாகிவிட்டதே, இனி என்ன சார் என்று அட்வைசர் கேட்டார். நிறுவனத்துக்குப் போகும் கோரிக்கையிலும் இதே சொல்தான் இருக்குமா என்று கேட்டேன். ஆமாம் என்றார். மாற்றாமல் கையெழுத்திட மாட்டேன் என்று நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். இருபது நிமிடம் ஆயிற்று. உள்ளே போனார், யாரிடமோ பேசினார், திரும்பி வந்து விசைப்பலகையை என் பக்கம் சாய்த்து, என்ன எழுத வேண்டும் என்று சொல்லும்படி கேட்டார். ‘ஹேண்டிலை வலப்பக்கம் முழுதாகத் திருப்பும்போது சாவி சுவிட்சின் ஒயர் அறுந்து என்ஜின் அணைகிறது, டை வளைவுக்கு மிக அருகே கட்டப்பட்டிருந்தது, இதனால் ஒருமுறை வண்டி கவிழ்ந்தது’ என்று சொன்னேன். அவர் தட்டினார். அச்சாகி வந்த தாளை இரண்டு முறை படித்துவிட்டுக் கையெழுத்திட்டேன்.

வாசலைத் தாண்டியதும் வலப்பக்கம் திரும்ப வேண்டும். மெல்லத் திரும்பும்போது பின்பிரேக்கைச் சற்றே மிதித்தபடி திரும்புவதுதான் முறை. வண்டி அதனால் நிலையாக இருக்கும். அது எனக்குத் தெரியும். ஆனால் ஹேண்டில் பாதி திரும்பியபோதே என் வலது கால் பிரேக்கை விட்டு விலகித் தரையைத் தேடி இறங்கியது. ஒயர் மாற்றி ஆறாயிரம் கிலோமீட்டர் ஓடிவிட்டது. இன்னும் ஒவ்வொரு வலது திருப்பத்திலும் அந்தக் கால் இறங்குகிறது.